வெளியிலிருந்து வரும் எண்

மாக்ஸ் என்ற இசை நிரல் சூழல் பிறந்தபோது அதற்குச் சப்தம் போடத் தெரியாது. 1980-களின் பிற்பாதியில் பாரிஸில் அதை எழுதியவருக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. வெளியே ஒருவர் ஏதோ செய்கிறார். அது எண்ணாக உள்ளே வருகிறது. வந்த எண்ணைப் பார்த்து என்ன செய்வது என்று முடிவெடுத்து, சப்தம் உண்டாக்கும் வேறொரு யந்திரத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. காதுதான் முதலில் முளைத்தது. வீட்டுக் கணினியில் அதற்கு வாய் வர 1997 ஆயிற்று.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. பூகம்பமானியின் அளவுகளையோ, ஒரு நகரத்தின் வெப்பநிலையையோ, பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தையோ இப்படிப்பட்ட சூழலுக்குள் செலுத்தி இசையாக்குவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று, வெளித்தரவை உள்ளே விடுவது யாரோ பின்னாளில் ஒட்டவைத்த வசதி என்பது போல. இது சரித்திரப் பிழை. இரண்டாவது, இனி இசையமைப்பாளன் வேண்டாம், பூமியே பாடுகிறது, காற்றே வாசிக்கிறது என்பது போல. இது பிழைகூட இல்லை, ஒரு பாசாங்கு. நம் பக்கத்திலும் சமூகமே தன் பேனா வழியாக எழுதிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறோம். சமூகம் ஏன் அவ்வளவு மோசமாக எழுதுகிறது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

மாக்ஸைப் பார்த்திராதவர்களுக்கு: அதில் நிரலை வரிவரியாக எழுதுவதில்லை. திரையில் சிறு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் மேல் விளிம்பில் நுழைவாய்கள், கீழ் விளிம்பில் வெளிவாய்கள். ஒன்றின் வெளிவாயிலிருந்து இன்னொன்றின் நுழைவாய்க்குக் கோடு இழுத்தால் கம்பி போட்டாயிற்று. ஒரு பெட்டி கூட்டும், ஒரு பெட்டி காத்திருக்கும், ஒரு பெட்டி குறித்த இடைவெளியில் தட்டிக்கொண்டே இருக்கும். 1960-களில் மூக், புக்லா ஆகியோர் செய்த மின்னணு இசைக்கருவிகளில் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நிஜமான கம்பியைச் சொருகித்தான் சப்தத்தை உருவாக்கினார்கள். அந்தக் கம்பிகள்தான் திரையில் கோடுகளாயின. இந்தக் கம்பிப் பின்னலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாட்ச்'. மாக்ஸின் முதல் பெயரும் 'பாட்சர்'தான்.

மாக்ஸ் என்பது மாக்ஸ் மாத்யூஸின் பெயர். அமெரிக்காவில் நியூஜெர்ஸியிலுள்ள பெல் ஆய்வகத்தில், தொலைபேசி ஆராய்ச்சிக்கு நடுவே, 1957-ல் ஐபிஎம் 704 கணினியை 17 விநாடி நீளமுள்ள ஒரு மெட்டை வாசிக்க வைத்தவர் அவர். அந்தக் காலத்தில் சில விநாடி இசைக்குக் கணினி அதைவிடப் பல மடங்கு நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடையில் புகுந்து எதையும் மாற்ற முடியாது. மாத்யூஸுக்கு இது உறுத்தியது. 1970-ல் அவரும் ரிச்சர்ட் மூரும் சேர்ந்து 'க்ரூவ்' என்ற ஏற்பாட்டை வெளியிட்டார்கள். அதில் டிடிபி-224 என்ற கணினி சப்தத்தைக் கணக்கிடாது. சப்தம் போட மின்னணுக் கருவிகள் தனியே இருந்தன. கணினி அவற்றுக்கு மின்னழுத்தம் கொடுக்கும். மனிதன் குமிழைத் திருகுவான், கட்டையை அழுத்துவான். அவன் கை அசைந்த விதத்தைக் காலத்தோடு சேர்த்துக் கணினி ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு அந்த அசைவைத் திருத்தலாம், திரும்ப ஓட்டலாம். இங்கே மனிதனின் ஸ்தானம் வாத்தியக்காரனுடையதைவிட வாத்தியக் குழுவை நடத்துகிறவனுடையதற்குத்தான் நெருக்கம் என்று மாத்யூஸ் கருதினார். ஆக, சப்தத்தை உண்டாக்குவது வேறு, அதை நடத்துவது வேறு என்ற பிரிவினை அங்கேயே விழுந்துவிட்டது. நாம் பேசும் விஷயம் முழுவதும் இந்தப் பிரிவினைக்குள்தான் நடக்கிறது.

இனி பாரிஸ். இர்காம் என்ற இசை ஆராய்ச்சி நிறுவனம், பியர் பூலேஸ் உருவாக்கியது. அங்கே இத்தாலியரான ஜுசெப்பே டி ஜூன்யோ வடிவமைத்த 4எக்ஸ் என்ற யந்திரம் இருந்தது. வாத்தியத்தின் ஒலியை வாங்கி அந்தக் கணமே உருமாற்றித் தரும் வேகம் அதற்கு உண்டு. வேகம் இருந்தது, எப்போது எதைச் செய்வது என்ற புத்திதான் இல்லை.

பிரச்சினை இது. வாத்தியக்காரரும் காந்த நாடாவும் சேர்ந்து வாசிக்கும் கச்சேரிகள் மேற்கில் அப்போது சாதாரணம். நாடா ஓட ஆரம்பித்துவிட்டால் நிற்காது. வாசிப்பவர் ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று அனுபவிக்க நினைத்தாலும், மூச்சு முட்டி ஒரு கணம் பிந்தினாலும் நாடா பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பாடுகிறவரின் முகத்தைப் பார்த்தபடியே வாசிக்கும் பக்கவாத்தியத்துக்குப் பழகிய நமக்கு இதன் அபத்தம் விளக்காமலே புரியும். மேற்கத்தியர்களுக்கும் புரிந்துதான் இருந்தது. 1984-ல் பாரிஸில் நடந்த சர்வதேசக் கணினி இசை மாநாட்டில் பாரி வெர்கோ, ரோஜர் டானன்பர்க் இருவரும் தனித்தனியே இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வாசிக்கப்போகும் ஸ்வரங்கள் கணினிக்கு முன்கூட்டியே தெரியும். வெளியிலிருந்து வரும் ஸ்வரங்களை அது ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வாசிப்பவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துக்கொண்டு கூடவே வரும். ஒரு ஸ்வரம் தப்பினாலும், ஒன்று கூடுதலாக விழுந்தாலும் தடுமாறாமல் வரவேண்டும். கஷ்டம் முழுவதும் அங்கேதான். பிசகாமல் வாசிக்கும் மனிதனைத் தொடர எந்த முட்டாள் யந்திரத்தாலும் முடியும்.

வெர்கோவுடன் இதில் உழைத்தவர் லாரன்ஸ் போர்கார் என்ற புல்லாங்குழல் கலைஞர். அவருடைய குழலின் சாவிகளில் மின் உணர்விகள் பொருத்தப்பட்டன. விரல் எந்தச் சாவியில் இருக்கிறது என்பது கம்பி வழியே கணினிக்குப் போகும். அவர் 1985-ல் இறந்துபோனார். அந்தக் குழலை மனதில் கொண்டு ஃபிலிப் மனூரி 1987-ல் புல்லாங்குழலுக்கும் 4எக்ஸுக்குமாக 'ஜுபிடர்' எழுதினார். 1988-ல் பியானோவுக்காக 'ப்ளூட்டான்'. வெர்கோவின் மாணவராக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மில்லர் பக்கெட், மனூரிக்காகவும் அவர் போன்றவர்களுக்காகவும் மாகின்டாஷ் கணினியில் எழுதிக் கொடுத்ததுதான் பாட்சர். 'ப்ளூட்டா'னில் பியானோவில் விழும் ஒவ்வொரு விரலும் எண்ணாகி மாகின்டாஷுக்குப் போயிற்று. அது 4எக்ஸுக்குக் கட்டளை அனுப்பிற்று.

ஆகவே வெளித்தரவு என்பது மாக்ஸுக்குப் பிறவிக் காரணம். அந்த வெளி ஒரு மனிதனுடைய விரல். அதுவும், தான் அனுப்பிய எண் என்னவாயிற்று என்று அதே அறையில் அதே கணத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதனுடைய விரல். தன் அழுத்தத்துக்கு யந்திரம் தப்பாகப் பதில் சொன்னால் அவர் அடுத்த ஸ்வரத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடுவார். ஒத்திகையில் எழுந்து நின்று ஆட்சேபிப்பார். இதைப் பிறகு திரும்பவும் எடுத்துக்கொள்கிறேன்.

பாட்சரின் உள்ளே எண் எப்படி நடத்தப்படுகிறது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் முதலில் பிடிப்பு ஏற்பட்டதே அதனால்தான். பெட்டிகளின் நுழைவாய்கள் ஒரே மாதிரியானவை அல்ல. பெரும்பாலானவற்றில் இடது கோடியில் இருப்பதைச் சூடானது என்கிறார்கள், மற்றவை குளிர்ந்தவை. கூட்டல் பெட்டி ஒன்றின் வலது நுழைவாயில் 5 போட்டால் ஒன்றும் நடக்காது. பெட்டி 5-ஐ வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இடதில் 3 வந்து விழுந்ததும் 8 வெளியே வரும். வங்கியில் குமாஸ்தா ஒரு வவுச்சரைப் பதிந்தால் அது திரையில் நிற்கும். கணக்கிலிருக்கும் தொகை அசையாது. அதிகாரி ஒப்புதல் கொடுத்த கணம்தான் அசையும். தினமும் குளிர்ந்த வாயில் எண் போடுகிறவன் என்பதால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. ஒரு ஊரின் வெப்பநிலையும் காற்றின் ஈரமும் இரண்டு கம்பிகளில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எதைச் சூடான வாயில் சேர்க்கிறோமோ அது மாறும்போதெல்லாம் சப்தம் எழும். மற்றது உள்ளே உட்கார்ந்து, எழும் சப்தத்தின் சாயலை மாற்றும். தானாக ஒரு சப்தத்தையும் எழுப்பாது. ஈரம் எவ்வளவு மாறினாலும் வெப்பம் அசையும்வரை யாருக்கும் தெரியாது. இரண்டு உண்மைகளில் எது பேசும், எது பேசுகிறவனின் தொண்டையை மட்டும் மாற்றும் என்பது ஒரு கோடு இழுத்ததில் தீர்மானமாகிவிட்டது. மாக்ஸில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு வெளிவாயிலிருந்து பல பெட்டிகளுக்குக் கம்பி போனால், திரையில் வலதுபுறம் இருக்கும் பெட்டிக்கு எண் முதலில் போகும். பெட்டியைத் திரையில் இடம் மாற்றி வைத்தாலே நிகழ்ச்சிகளின் வரிசை மாறிவிடலாம். அழகுக்காக நகர்த்தி வைத்துவிட்டு, நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று விழிப்பவர்கள் உண்டு.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1990-ல் ஓப்கோட் என்ற கம்பெனி, டேவிட் ஸிகரெல்லி விரிவுபடுத்திய வடிவத்தில், மாக்ஸைக் கடைச்சரக்காக்கிற்று. அப்போதும் அது எண்களை மட்டுமே கையாண்டது. 1997-ல் ஸிகரெல்லி தொடங்கிய சைக்ளிங் '74 நிறுவனத்தின் மூலம் எம்எஸ்பி என்ற பகுதி சேர்ந்து, மாகின்டாஷுக்குள்ளேயே சப்தம் பிறக்கத் தொடங்கியது. பக்கெட் இதற்குள் கலிஃபோர்னியாவில் சான்டியாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1996-ல் ப்யூர் டேட்டா என்ற தம்பியை எழுதி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி விட்டார். பெயரைக் கவனிக்க வேண்டும். இசைக்கான சூழல் ஒன்றுக்கு வெறும் தரவு என்று பெயர்.

கதவு அகலமானது இந்த வருஷங்களில்தான். அதுவரை வெளியிலிருந்து எண் வரும் வழி மிடி. 1983-ல் வாத்தியக் கம்பெனிகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட சங்கேதம். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதைச் சொல்ல ஏற்பட்டது. பெரும்பாலும் 0 முதல் 127 வரை 128 படிகள். கட்டைகளுக்கு இது தாராளம். ஆனால் உலகத்தில் எதை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றாலும் அதைப் பியானோக் கட்டையாக வேஷம் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்றாயிற்று. 1997-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாட் ரைட், ஏட்ரியன் ஃப்ரீட் இருவரும் ஓப்பன் சவுண்ட் கன்ட்ரோல் என்ற ஏற்பாட்டை வெளியிட்டார்கள். இதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு முகவரியோடு வரும். சாய்கோடுகளால் பிரித்து, ஊர், தெரு, வீடு என்பது போல. தசம எண்ணும் வரலாம், சொல்லும் வரலாம், கணினி வலைப்பின்னல் வழியாக எங்கிருந்தும் வரலாம். ப்யூர் டேட்டாவிலும் வலைப்பின்னலின் ஒரு வாசலில் காத்திருந்து, அரைப்புள்ளியில் முடியும் எந்தச் செய்தியையும் வாங்கிக்கொள்ளும் பெட்டி ஒன்று இருக்கிறது. எந்த நிரலும், எந்த உணர்வியும் அதற்கு எழுதிப் போடலாம். புல்லாங்குழலின் விரலுக்காகத் திறந்த வாயில் எரிமலையும் நுழையலாம் என்று ஆயிற்று.

எரிமலைக்கு ஆசைப்பட்டவர்கள் இதற்கு முன்னும் இருந்திருக்கிறார்கள். 1619-ல் கெப்ளர், கிரகங்களின் வேகங்களை ஸ்வர இடைவெளிகளாக எழுதினார். ஒரு கிரகம் சூரியனுக்கு அருகே வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதமே அதன் ராகம். பூமிக்கு 15-க்கு 16, அதாவது அரை ஸ்வரம். இத்தனை சுத்தமான கணக்குக்கு நடுவே அவர் ஒரு காரியம் செய்தார். அந்த அரை ஸ்வரத்துக்கு லத்தீன் வழக்கில் உள்ள பெயர்களின் முதலெழுத்துகளில், பூமியில் துன்பமும் பஞ்சமும் ஆட்சி செய்வதைக் கேட்கலாம் என்று குறித்து வைத்தார். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பஞ்சம் எண்ணில் இல்லை, கெப்ளரிடம் இருந்தது. அவரும் மறைக்கவில்லை. அவருடைய இந்த எண்களைப் பெல் ஆய்வகத்தில் வேலை செய்த லாரி ஸ்பீகல் சப்தமாக்கியது, 1977-ல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தட்டில் இடம்பெற்றது.

சார்ல்ஸ் டாட்ஜின் 'பூமியின் காந்தப் புலம்' 1970-ல் இசைத்தட்டாக வந்தது. இந்த வகையில் நான் அதிகம் திரும்பிப் போகும் படைப்பு இதுதான். சூரியனிலிருந்து வரும் துகள்களின் தாக்கத்தால் பூமியின் காந்தப் புலத்தில் ஏற்படும் சலனத்தை மூன்று மணிக்கு ஒரு முறை கேபி என்ற குறியீட்டால் அளக்கிறார்கள். நாளைக்கு 8, வருஷத்துக்கு 2920. டாட்ஜ் எடுத்துக்கொண்டது 1961-ஆம் வருஷத்தின் அளவுகள். இந்தக் குறியீட்டை உருவாக்கிய யூலியஸ் பார்ட்டல்ஸ் அதை வரைபடமாக்கியபோது அது மேற்கத்திய ஸ்வரக் குறிப்புத் தாள் போலவே தோன்றியதால், இசைப் படம் என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டிருந்தது. கேபி அளவுக்கு 28 படிகள். டாட்ஜ் அவற்றை நான்கு ஸ்தாயிகளில், ஸ்தாயிக்கு ஏழு ஸ்வரமாக அடுக்கினார். நாலேழு இருபத்தெட்டு. கச்சிதமாகப் பொருந்திவிட்டது. காந்தப் புயல் திடீரென்று தொடங்கும் கணங்களைக் கொண்டு காலத்தைப் பகுத்தார். கேட்டால் வெளிச்சமான, சுறுசுறுப்பான, ஏறக்குறைய சந்தோஷமான சங்கீதம். மூலக்காரணம் சூரியன் என்று தெரிந்தவர்கள், சூரியன் இவ்வளவு குதூகலமானதா என்று வியக்கிறார்கள். குதூகலம் அந்த ஏழு ஸ்வரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு ஸ்வரத்தில் அடுக்கியிருந்தால் அதே 1961 கலக்கமாக ஒலித்திருக்கும். டாட்ஜ் நல்ல இசையமைப்பாளர், அதனால்தான் அது நன்றாக இருக்கிறது. இந்த எளிய காரணத்தை விட்டுவிட்டு, ஏன் பூமிக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

மறு கோடியில் ஆல்வின் லூஸியர். 1965-ல் ப்ராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ரோஸ் கலைக்கூடத்தில், எட்மண்ட் டீவன் என்ற பௌதிக அறிஞரின் கருவிகளைக் கொண்டு, தன் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு கண்களை மூடி உட்கார்ந்தார். மூளையின் ஆல்ஃபா அலை விநாடிக்குப் பத்துத் தடவை போல அதிர்வது, காதுக்குக் கேட்காது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினார். அவற்றின் கூம்புகள் துடித்து, பக்கத்தில் இருந்த முரசுகளையும் சேகண்டிகளையும் அதிரவைத்தன. இங்கே எண் என்று ஒன்று இல்லவே இல்லை. மின்சாரம் போய்த் தோலைத் தொட்டது, அவ்வளவுதான். எண்ணாக்கி உள்ளே அனுப்பிய பிறகு அந்தத் தொடுதல் கிடையாது. எண்ணுக்கும் சப்தத்துக்கும் இடையே ஒரு ஆள் நின்றே தீரவேண்டும்.

அந்த ஆள் மாக்ஸில் நிற்குமிடம் ஒரு சின்னப் பெட்டி. 'ஸ்கேல்' என்று பெயர். இந்த எல்லைக்குள் வரும் எண்ணை அந்த எல்லைக்கு மாற்று என்று அதற்குச் சொல்ல வேண்டும். 20 முதல் 40 பாகை வரையுள்ள வெப்பநிலையை 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள சுருதியாக்கு என்று சொன்னோம் என்றால், 30 பாகை 500-ல் விழும். கணக்கு சரி. காதுக்கோ 200-க்கும் 800-க்கும் நடு 400, ஏனென்றால் காது பெருக்கலில் கேட்கிறது. ஆக, 20-லிருந்து 30-க்கு ஏறுவது ஒரு ஸ்தாயிக்கு மேல் தாவுவதாகவும், 30-லிருந்து 40-க்கு ஏறுவது அதில் பாதி அளவுக்குமாகக் கேட்கும். உக்கிரமான வெயில் இதமான வெயிலைவிடச் சிறிய மாற்றமாகிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. வேறு வளைவு போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அதுவும் ஒருவர் போட்ட வளைவே.

சரி, 45 பாகை வந்தால்? ஸ்கேல் பெட்டி எல்லையை மதிக்காது. அதே விகிதத்தில் நீட்டி 950 ஹெர்ட்ஸ் என்று கூவும். 'ஸீமாப்' என்ற இன்னொரு பெட்டி இருக்கிறது, ஏறக்குறைய அதே வேலைதான், ஆனால் எல்லையைத் தாண்டாது. 45 வந்தாலும் 50 வந்தாலும் 800-லேயே நிற்கும். இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்பதை இசையமைப்பாளர் அநேகமாக யோசித்தே இருக்கமாட்டார். ஒலிபெருக்கி கிறீச்சிடாமல் இருக்கட்டும் என்று ஸீமாப்பைப் போட்டிருப்பார். இதுவரை வராத வெயில் வரும் நாளில் அந்தப் படைப்பு அமைதியாக, இனிமையாக, வழக்கமான உச்சத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். 1992-ல் சான்டா ஃபேயில் க்ரிகரி க்ரேமர் கூட்டிய மாநாட்டிலிருந்து இந்தத் துறையை விஞ்ஞானமாக்க முயலும் ஒரு சமூகம் இருக்கிறது. ஒரே தரவு, ஒரே விதி என்றால் யார் செய்தாலும் ஒரே சப்தம் வரவேண்டும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை. விதியை யார், எதற்காகத் தேர்ந்தார் என்பது அதில் அடங்காது.

முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். மனூரியின் பியானோக் கலைஞர் கேட்டுக்கொண்டிருந்தார், ஆட்சேபித்தார். 1961-ஆம் வருஷத்துக் காந்தப் புலம் ஆட்சேபிக்காது. வெளியே இருப்பது மனிதனாக இருந்தபோது இருந்த எதிர்ப்பு, அது அளவையாக மாறியதும் போய்விட்டது. இசையமைப்பாளன் தன்னை ஒதுக்கிக்கொண்டேன் என்று சொல்லும் இடத்தில்தான் அவனைத் தடுக்க யாருமே இல்லை. தன் அதிகாரம் குறைந்தது என்று அவன் நினைக்கிறான். சரித்திரத்தைப் பார்த்தால் கூடித்தான் இருக்கிறது.

இதை உணர்ந்து வேலை செய்தவர் என்று எனக்குத் தோன்றுவது ஜான் லூதர் ஆடம்ஸ். அலாஸ்காவில் பல வருஷம் வாழ்ந்தவர். ஃபேர்பாங்க்ஸில் உள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 2006 மார்ச்சில் அவர் அமைத்த அறைக்கு 'நீ கேட்பதற்காகப் போகும் இடம்' என்று பொருள்படும் பெயர். ஆர்க்டிக் கடற்கரையில் இன்யூப்பியாக் மக்கள் ஓரிடத்துக்கு வைத்திருந்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. பூகம்ப நிலையங்கள், துருவ ஒளியைக் காட்டும் காந்தமானிகள், வானிலை, சூரியனும் சந்திரனும் இருக்கும் நிலை எல்லாம் அந்தந்த நேரத்திலேயே எண்களாக வந்து சேர்கின்றன. ஜிம் ஆல்டியேரி மாக்ஸில் எழுதிய நிரல் அவற்றைச் சப்தமாக்குகிறது. பகலுக்கு ஒரு ஸ்வரக் கூட்டம், இரவுக்கு ஒன்று. பகலுடையது ஒரு அடிப்படைச் சுருதிக்கு மேலே எழும் இயற்கை ஸ்வரங்களால் ஆனது, இரவுடையது அதைத் தலைகீழாக்கியது. துருவ ஒளிக்கு மணிகள். பூமி அதிர்ந்தால், காதைவிட உடம்பு அறியும் முரசுகள். பதிவு செய்த ஒலி எதுவும் இல்லை, வாசிப்பவரும் இல்லை. தொடக்கமும் முடிவும் இல்லை. சுவரில் ஐந்து கண்ணாடிப் பலகைகளில் நிறம் மெல்ல மாறுகிறது.

நான் அங்கே போனதில்லை, போகப்போவதும் இல்லை. அவர் 2009-ல் வெளியிட்ட புத்தகத்தை வைத்துச் சொல்கிறேன். அதில் ஆடம்ஸ், பூமி பாடுகிறது என்று சொல்லி நழுவவில்லை. எந்த அளவை எந்த ஸ்வரத்துக்கு, எந்தச் சுருதியில், ஏன், முதலில் போட்டது ஏன் பிடிக்கவில்லை என்று குறிப்பேடு போல எழுதிப்போகிறார். முடிவுகள் அவருடையவை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அவர் காலத்தில் கை வைக்கவில்லை என்பது. டாட்ஜ் ஒரு வருஷத்தை ஒரு இசைத்தட்டுக்குள் மடித்தார். ஆடம்ஸின் அறையில் பகல் மாற ஒரு பகல் ஆகிறது. டிசம்பர் கடைசியில் ஃபேர்பாங்க்ஸில் பகல் நாலு மணி நேரம்கூட இருக்காது. அந்த அறையில் பகலின் ஸ்வரங்களும் அந்த நேரத்துக்குத்தான். கோடை வேண்டுமென்றால் கோடையில் வரவேண்டும். ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிப் போகிறவருக்கு அந்த அறை எந்தச் சலுகையும் தருவதில்லை. பியானோக்காரர் ஆட்சேபித்த இடத்தில், இங்கே பூமியின் நிதானமே ஆட்சேபிக்கிறது என்று சொல்லலாமோ என்னவோ. அதை ஆட்சேபிக்க விட்டதும் ஆடம்ஸின் முடிவுதான்.

தரவு நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. உணர்வியின் மின்கலம் தீர்ந்துவிட்டது, அல்லது எங்கோ கம்பி அறுந்துவிட்டது. பியானோக்காரர் கையை எடுத்தால் எல்லோருக்கும் தெரியும், அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். நிரலுக்குத் தெரியாது. குளிர்ந்த வாயில் கடைசியாக விழுந்த எண் அப்படியே இருக்கும். தட்டிக்கொண்டே இருக்கும் பெட்டி சூடான வாயில் தட்டிக்கொண்டே இருக்கும். சப்தம் அதே சுருதியில் எழுந்துகொண்டே இருக்கும். கேட்பவருக்கு, வெளியே உலகம் அசையாமல் இருக்கிறதா, சேதி வருவது நின்றுவிட்டதா என்று பிரித்தறிய வழியில்லை. வேண்டுமானால் கடைசி எண் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கும் பெட்டி ஒன்றைத் தனியே போட்டு, பத்து நிமிஷம் தாண்டினால் எல்லாவற்றையும் நிறுத்து என்று கம்பி இழுக்க வேண்டும். பத்து நிமிஷமா, ஒரு மணியா என்பதையும் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.